விவரம் போதவில்லை

லியபாயாவில் ஜனவரி என்றால்
கடலைப் பார்த்த ஜன்னல்கள் உள்ளிருந்து வியர்க்கும்.
வெப்பக் கம்பெனியின் நாலாவது மாடியில்
இரவுப் பணிக்கு நான் ஒருத்தி, ஒரு கெட்டில்,
வரிசையில் நூற்றுப் பதினேழு டிக்கெட்டுகள்.

குளிர்கிறது என்பதை
எத்தனை விதமாக எழுத முடியுமோ
அத்தனையும் எனக்குத் தெரியும்.
வசவு வரும். நன்றியும் வரும், மழைக்கு நடுவே வெயில் மாதிரி.
ஒருமுறை பூனையின் படம் வந்தது.
ரேடியேட்டர் மேல் ஏறாமல்
அதை முறைத்துக்கொண்டிருந்தது.

ஒரு மணி இருபதுக்கு வந்தது 40817.
பொருள்: குழாய் ஒழுகுகிறது.
திறந்தேன்.
வெறும் வெள்ளை.
அவசரத்தில் எழுத மறந்திருப்பார் என்று
டீ ஊற்றப் போனேன்.

காலையில் ஒயார்ஸ் வந்து சொன்னான்,
கோட்டைக்கூடக் கழற்றாமல்:
அந்த வெள்ளையில் எழுத்து இருந்தது, விஸ்மா.
நீ படிக்கவில்லை, உன் உலாவி படித்தது.
படித்தது என்பதும் தப்பு, கீழ்ப்படிந்தது.
கூர் அடைப்புக்குள் வந்ததால்
சொல் என்று நினைக்காமல்
கட்டளை என்று எடுத்துக்கொண்டது.
நீ சர்க்கரை கலக்கி முடிப்பதற்குள்
உன் குக்கீ வெளியே போய்விட்டது.
அதன்பின் எவனோ ஒருவன்
உன் பெயரில் உள்ளே உட்கார்ந்து
பதினோராயிரம் வீட்டு முகவரிகளை
நிதானமாகப் புரட்டியிருக்கிறான்.

பூட்டை உடைத்தானா?
இல்லை. கடிதம் போட்டான். நீ பிரித்தாய்.
பிரிப்பதுதானே என் வேலை?
அதற்குப் பிறகுதான் அவன் கோட்டைக் கழற்றினான்.

திருத்தம் ஒரே வரி.
வருவதை வெட்டாதே, வந்தபடி வைத்திரு,
காட்டும்போது மட்டும்
அடைப்பை அடைப்பாகவே காட்டு.
எட்டு வருஷமாக எழுதாமல் விட்ட வரி.
விட்டது யார் என்று நான் கேட்கவில்லை.
அவன் காது சிவந்திருந்தது, குளிரில் வந்தவனுக்குச் சிவக்கும்தான்.

அன்றிரவு
பழைய டிக்கெட்டுகளைத் திறந்து பார்க்கச் சொன்னார்கள்,
வேறு எதிலாவது அந்த மாதிரி ஒளிந்திருக்கிறதா என்று.
கூர் அடைப்பு என்று தேடினேன்.
களவு எதுவும் இல்லை.
கிடைத்தவை ஏழு. ஏழும் ஒருவருடையவை.

கரோஸ்தா, ஐந்தாவது மாடி, எவால்ட்ஸ் க்ரூமின்ஷ்.
போன வருஷம் நான் படித்தபோது இப்படி இருந்தது:
மூன்று நாளாகச் சூடில்லை.
இரவெல்லாம் இருமுகிறாள்.
முன்பே வாருங்கள்.

எங்கே? யார்? எதற்கு முன்பே?
ஆறு முறையும் ஒரே பதில் போட்டேன்,
அதற்கு ஒரு பொத்தானே உண்டு:
விவரம் போதவில்லை.
மூடினேன்.

முக்கியமான சொல்லைக் கூர் அடைப்புக்குள் வைப்பது
அவருக்கு யார் பழக்கியதோ.
தெரியாத கட்டளை என்று
உலாவி அவற்றை விழுங்கியிருக்கிறது, சத்தமில்லாமல்,
மிச்சத்தை இழுத்து ஒட்டியிருக்கிறது
விழுங்கிய தடம்கூடத் தெரியாமல்.

இப்போது திரையில்:
மூன்று நாளாக <படுக்கையறையில்> சூடில்லை.
<மில்டா> இரவெல்லாம் இருமுகிறாள்.
<வெள்ளிக்கிழமைக்கு> முன்பே வாருங்கள்.

ஏழாவது நவம்பரில் வந்தது.
அன்று நான் பார்த்தது இரண்டே சொல்: இனி வேண்டாம்.
நல்லது என்று
'தீர்ந்தது' கட்டத்தில் டிக் போட்டேன்.
அந்த மாதக் கணக்கில்
என் பெயருக்கு அது ஒன்று கூடியது.

<அவளுக்கு> இனி வேண்டாம்.

கெட்டில் கொதித்து, தானே அணைந்தது.
வெளியே காற்று. இந்த ஊரில்தான் அது பிறக்கிறது என்பார்கள்.
பதில் பெட்டியில் மில்டா என்று எழுதினேன்.
அழித்தேன்.
திரும்ப எழுதினேன்.
ஒயார்ஸின் வரிக்குப் பின்
இது எதையும் விழுங்காது,
எழுதியது எழுதியபடியே போய்ச் சேரும்.
விரல் அனுப்பு பொத்தானின் மேல் நின்றது.
வரிசையில் இன்னும் தொண்ணூற்று நான்கு.